சனிக்கிழமை மாலை ஆறு மணி

மலர்க்குழுவிலிருந்து போன் வந்தபோது நான் சைட்டில் ஸ்லாப் போட்டுக்கொண்டிருந்தேன். கான்கிரீட் பாதியில் நிற்கும்போது யார் எதைக் கேட்டாலும் சரி சரி என்றுதான் வாயில் வரும். அப்படிச் சரி சொல்லி மாட்டிக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை. மறைந்த ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுது, இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கும் பயன்படணும் என்றார்கள். சிவில் படித்தவன் என்பதால் விஸ்வேஸ்வரய்யாவையோ பென்னிகுக்கையோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவர்களைப் பற்றி என்னைவிட நன்றாக எழுத நம்ம டிபார்ட்மெண்டிலேயே பத்துப் பேர் உண்டு. நான் எழுதப்போவது மாணவனாகக் கல்லூரி வாசலையே மிதிக்காத ஒரு மனிதரைப் பற்றி. கல்லூரி மலரில் இது கொஞ்சம் குசும்பாகத் தெரியலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் சார்லஸ் ஹாடன் ஸ்பர்ஜன். 19-ம் நூற்றாண்டு லண்டனில் வாழ்ந்த கிறிஸ்தவப் பிரசங்கியார். பிரசங்கிகளின் இளவரசன் என்று இன்றும் அவரைச் சொல்வார்கள்.

ஏன் இவர் என்று கேட்டால் ஒரு பழைய அவமானத்தைச் சொல்லியாக வேண்டும். நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது ஹாஸ்டலில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வெள்ளிக்கிழமை ராத்திரி ஜெபக்கூட்டம் வைப்போம். முறை வைத்து ஒவ்வொருவரும் செய்தி கொடுக்கணும். என் முறைக்கு வந்த வேதபாடம் லூக்கா 15-ம் அதிகாரம், கெட்டகுமாரன் கதை. ஒரு சீனியர் அண்ணன் எப்போதோ சொன்னது என் மண்டையில் உட்கார்ந்திருந்தது. ஸ்பர்ஜன் என்கிற மகா பிரசங்கியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைச் சனிக்கிழமை சாயங்காலம்தான் தயார் பண்ணுவாராம், அதுவும் அரைத் தாளில் நாலு வரிக் குறிப்போடு சரியாம். எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. செமஸ்டர் பரீட்சைக்கே முந்தின ராத்திரி புத்தகத்தைத் திறக்கிற கட்சி நான். ஆகவே டீ குடித்துவிட்டு வந்து, கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வேதாகமத்தைத் திறந்தேன்.

ஆறு நிமிஷம் பேசியிருப்பேன். எல்லோருக்கும் தெரிந்த கதையை எல்லோருக்கும் தெரிந்த மாதிரியே சொன்னேன். கதை முடிந்தது, நானும் முடிந்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை. ஒரு நண்பன் இரக்கப்பட்டு ஒரு பாட்டை எடுத்துக் கொடுத்துக் காப்பாற்றினான். அவனும் இந்த மலரைப் படிப்பான் என்று நினைக்கிறேன். கடன் இன்னும் பாக்கி இருக்கிறது.

வேலைக்குப் போன பிறகுதான் ஸ்பர்ஜனைப் பற்றி ஒழுங்காக வாசித்தேன். அந்த அண்ணன் சொன்னது பொய்யில்லை. சனிக்கிழமை சாயங்காலம் உண்மை, அரைத் தாளும் உண்மை. ஆனால் அது பாதிக் கதை. மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

கிறிஸ்தவரல்லாத நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. ஆராதனையில் வேதாகமத்திலிருந்து சில பகுதிகளை வாசிப்பார்கள். இதற்குப் பாடம் என்று பெயர். பிரசங்கம் அந்தப் பாடத்திலிருந்து முளைக்க வேண்டும். எங்கள் சபை போன்றவற்றில் எந்த ஞாயிற்றுக்கு எந்தப் பாடம் என்று வருஷ ஆரம்பத்திலேயே அட்டவணை போட்டுவிடுவார்கள், நம்ம சிலபஸ் மாதிரி. ஸ்பர்ஜன் பாப்டிஸ்ட் சபைக்காரர். அங்கே அட்டவணை கிடையாது. எந்த அதிகாரத்தை வாசிப்பது, எந்த வசனத்தை எடுப்பது என்று ஒவ்வொரு தடவையும் அவரே முடிவு செய்யணும். கேட்க வசதியாக இருக்கிறது, இல்லையா? அவருக்கோ பிரசங்கத்தைவிட அந்த வசனத்தைத் தேடுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

1834-ம் ஆண்டு ஜூன் 19-ம் தேதி இங்கிலாந்தில் எசெக்ஸ் மாவட்டத்துக் கெல்வெடன் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவும் போதகர், தாத்தாவும் போதகர். கைக்குழந்தையாக இருந்தபோதே ஸ்டாம்போர்ன் கிராமத்தில் தாத்தா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் காலத்தில் அங்கே வீட்டு ஜன்னல்களை எண்ணி வரி போடுவார்கள். வரிக்குப் பயந்து சில ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவது வழக்கம். அப்படி அடைத்த ஒரு இருட்டறையில் தாத்தாவின் பழைய புத்தகங்கள் கிடந்தன. 17-ம் நூற்றாண்டுப் பியூரிட்டன் போதகர்கள் எழுதிய, தூக்க முடியாத கனத்த புத்தகங்கள். பொடியன் அவற்றை வெளிச்சத்துக்கு இழுத்து வந்து புரட்டிக்கொண்டிருப்பான். ஜான் பனியனின் மோட்சப் பிரயாணத்தை ஆறு வயதில் வாசித்தார். பிற்பாடு வாழ்நாளில் நூறு தடவையாவது அதைப் படித்திருப்பார் என்கிறார்கள்.

பாட்டி ஒரு ஏற்பாடு செய்தார். ஐசக் வாட்ஸ் எழுதிய ஞானப்பாட்டு ஒன்றை மனப்பாடம் பண்ணி ஒப்பித்தால் ஒரு பென்னி. பையன் படிக்கிற வேகத்தைப் பார்த்துப் பாட்டி அரை பென்னி என்று குறைத்தார், அப்புறம் கால் பென்னி. இதற்கிடையில் தாத்தா, வீட்டில் எலித்தொல்லை தாங்காமல், ஒரு டஜன் எலி பிடித்தால் ஒரு ஷில்லிங் என்று அறிவித்தார். பையன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எலி பிடிக்கப் போய்விட்டான்! ஆனாலும் படித்த பாட்டுகள் மண்டையை விட்டுப் போகவில்லை. பின்னாளில் பிரசங்கத்தின் நடுவே தேவையான இடத்தில் தேவையான அடி தானாக வந்து நிற்கும். முந்தின ராத்திரி தேடி எடுத்ததல்ல அது.

இனி அந்தப் பனி நாள். 1850-ம் ஆண்டு ஜனவரி 6, ஞாயிற்றுக்கிழமை. பையனுக்கு 15 வயது. மனசுக்குள் பாவம், நரகம் என்று பெரிய போராட்டம். ஏதாவது ஒரு கோயிலில் நிம்மதி கிடைக்காதா என்று வாரா வாரம் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தான். அன்று கோல்செஸ்டர் ஊரில் கடும் பனிப்புயல். போக நினைத்த இடத்துக்குப் போக முடியாமல் ஒரு சந்தில் திரும்பி, ஆர்ட்டிலரி தெருவில் பிரிமிட்டிவ் மெதடிஸ்ட்காரர்களின் சின்னக் கோயில் ஒன்றில் ஒதுங்கினான். உள்ளே பத்துப் பதினைந்து பேர்தான். பனியில் போதகரும் வந்துசேரவில்லை.

கடைசியில் ஒல்லியாக ஒருவர் எழுந்து மேடைக்குப் போனார். செருப்புத் தைக்கிறவரோ தையற்காரரோ, பெரிய படிப்பில்லாதவர். ஏசாயா 45-ம் அதிகாரம் 22-ம் வசனத்தை எடுத்தார். என்னை நோக்கிப் பாருங்கள் என்று கடவுள் பூமியின் எல்லைகளையெல்லாம் கூப்பிடுகிற வசனம் அது. சொற்களைக்கூடச் சரியாக உச்சரிக்கவில்லை. சொல்வதற்கு வேறு சரக்கு இல்லாததால் அந்த ஒரே வசனத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். பார்ப்பதற்குக் காசு வேண்டாம், படிப்பு வேண்டாம், குழந்தைகூடப் பார்க்கலாம் என்கிற மாதிரி. பத்து நிமிஷத்தில் சரக்கு தீர்ந்தது. அப்புறம் மாடத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த புதுப் பையனை நேராகப் பார்த்து, முகம் வாடியிருக்கிறதே, நீயும் பார் என்று அவனுக்கே சொல்லிவிட்டார். பையனின் வாழ்க்கை அந்த நிமிஷத்தில் திரும்பியது.

இதை முதலில் வாசித்தபோது எனக்குள் இருந்த கடைசி நேரக் கட்சிக்காரன் துள்ளினான். பாருங்கள், தயாரிப்பே இல்லாத பிரசங்கம்தானே ஸ்பர்ஜனை உண்டாக்கியது! யோசித்தால் அப்படியில்லை. அந்த மனிதருக்குச் சரக்கு இல்லை, சரி. ஆனால் இருந்த ஒன்றை விட்டு அவர் நகரவில்லை. எனக்கும் சரக்கு இல்லை. நான் கதை முழுக்க ஊர் சுற்றினேன்.

அதே வருஷம் மே மாதம் ஐல்ஹாம் என்ற இடத்தில் லார்க் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு கேம்பிரிட்ஜில் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியர் வேலை. அங்கே சுற்றுக் கிராமங்களுக்கு சாதாரண விசுவாசிகளைப் பிரசங்கிக்க அனுப்பும் சங்கம் ஒன்று இருந்தது. அதன் பொறுப்பாளர் தந்திரக்காரர். ஆராதனை நடத்திப் பழக்கமில்லாத ஒரு வாலிபர் டெவர்ஷாம் கிராமத்தில் பேசப் போகிறார், நீ துணைக்குப் போ என்று ஸ்பர்ஜனை அனுப்பினார். வழியில் பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, கூட வந்தவர் ஸ்பர்ஜன்தான் பேசப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார்! தப்பிக்க வழியில்லை. மீதி தூரத்தை நடப்பதற்குள் பேதுருவின் முதலாம் நிருபத்தில் ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு, ஒரு குடிசை வீட்டில் பண்ணையாட்கள் சிலருக்கு முன்னால் பேசினார். வயது 16. அந்த வசனம் அவருக்கு ஏற்கெனவே சொந்தமாக இருந்ததால் பிழைத்தார்.

1851-ல் வாட்டர்பீச் என்ற கிராமத்துச் சபையில் பிரசங்கிக்கத் தொடங்கி, சீக்கிரமே அங்கே போதகரானார். இந்த இடத்தில்தான் கதையின் மறைந்த பாதி இருக்கிறது. அந்த வருஷங்களில் அவர் கையில் நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. ஒவ்வொரு பிரசங்கத்துக்கும் வசனம், தலைப்பு, பிரிவு, உட்பிரிவு, எந்தெந்த ஊரில் பேசினார் என்ற கணக்கு எல்லாம் எழுதி வைத்தார். இப்படி சுமார் 400 பிரசங்கக் குறிப்புகள். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் அச்சேறாமல் கிடந்து, 2010-களில்தான் நூல்களாக வர ஆரம்பித்தன. படித்துப் பார்த்தால், ஆரம்பகாலக் குறிப்புகளில் சில முன்னோர்களின் பிரசங்கங்களைப் பார்த்து அமைத்தவை என்று தெரிகிறது. இதைக் குறையாக எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. டிராயிங் வகுப்பில் முதல் வருஷம் நாம் செய்ததும் அதுதானே? நல்ல டிராயிங்கை வைத்துப் பார்த்துப் பார்த்துப் போட்டுத்தான் கை வந்தது. போகப் போக நோட்டில் சொந்தக் கை தெரிகிறது. அரைத் தாளில் நாலு வரி எழுதின மனிதர், அதற்கு முன்னால் நோட்டு நோட்டாக எழுதித் தீர்த்தவர். இதை அந்த சீனியர் அண்ணன் எனக்குச் சொல்லவில்லை. பாவம், அவருக்கும் தெரிந்திருக்காது.

கல்லூரி விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு மகனை முறைப்படி இறையியல் படிக்க வைக்க ஆசை. 1852-ல் லண்டன் பாப்டிஸ்ட் கல்லூரியின் முதல்வர் ஜோசப் ஆங்கஸ் கேம்பிரிட்ஜ் வந்திருந்தார். பதிப்பாளர் மேக்மில்லன் வீட்டில் சந்திப்பு. சொன்ன நேரத்துக்கு ஸ்பர்ஜன் போனார். வேலைக்காரப் பெண் அவரை ஒரு அறையில் உட்கார வைத்தாள். முதல்வரும் வந்தார், அவரை இன்னொரு அறையில் உட்கார வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாகக் காத்துக் காத்துச் சலித்து, முதல்வர் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று லண்டனுக்குக் கிளம்பிவிட்டார். அட்மிஷன் போச்சு! அன்று மத்தியானம் ஊருக்கு வெளியே புல்வெளியில் நடந்துபோகையில், பெரிய காரியங்களை உனக்காகத் தேடாதே என்ற பொருள்படும் எரேமியா வசனம் ஒன்று காதில் விழுந்த மாதிரி இருந்ததாம். அதோடு கல்லூரி எண்ணத்தை விட்டுவிட்டார். கதவு சாத்தப்பட்ட இடத்திலும் அவருக்குக் கிடைத்தது ஒரு வசனம்தான் என்பதைக் கவனியுங்கள்.

1853 டிசம்பரில் லண்டன் நியூ பார்க் ஸ்ட்ரீட் சபை அவரைப் பேச அழைத்தது. பழைய பெருமையுள்ள கோயில், ஆனால் பெரும்பாலான இருக்கைகள் காலி. 1854-ல், 19 வயதில், அங்கே போதகர். சில மாதங்களில் நிற்க இடமில்லை. கோயிலைப் பெரிதாக்கினார்கள், அதுவும் போதவில்லை. எக்ஸிடர் ஹால் என்ற பொது அரங்கத்தை வாடகைக்கு எடுத்தார்கள். பத்திரிகைகள் அவரைக் கோமாளி என்கிற அளவுக்குக் கேலி செய்தன. 1855 ஜனவரியிலிருந்து வாரம் ஒரு பிரசங்கம், ஒரு பென்னி விலையில் அச்சாகி வந்தது. சுருக்கெழுத்துக்காரர்கள் எழுதி எடுத்ததை அவர் திங்கட்கிழமை உட்கார்ந்து திருத்துவார். அந்த வாரமே கடைக்கு வந்துவிடும். ஆப்பிரிக்காவில் இறந்த டேவிட் லிவிங்ஸ்டனின் உடைமைகளில்கூட, நன்றாக இருக்கிறது என்று அவர் கைப்படக் குறித்த ஸ்பர்ஜன் பிரசங்கம் ஒன்று இருந்தது.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். சனிக்கிழமை மாலை வீட்டில் நண்பர்கள் வருவார்கள், தேநீர் உண்டு, குடும்ப ஜெபம் உண்டு. ஆறு மணி அடித்ததும் மரியாதையாக எல்லோரையும் அனுப்பிவிட்டுப் படிப்பறைக்குள் போவார். அதற்குப் பிறகு வீட்டில் எவ்வளவு கலகலப்பானவரும் வாயைத் திறக்கமாட்டார். அவருக்கு முன்னால் வசனங்கள் வந்து வந்து போகும். ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்ப்பார், தள்ளுவார், இன்னொன்றை எடுப்பார். நல்ல வசனம் என்பது வேறு, நாளைக் காலையில் இந்த ஜனத்துக்கான வசனம் என்பது வேறு என்பது அவர் கொள்கை. அது வந்து அவரைப் பிடிக்கும்வரை மணிக்கணக்கில் வேதனைப்படுவார். பிடித்துவிட்டால் மனைவி சூசன்னாவைக் கூப்பிடுவார். அவர் அந்தப் பகுதிக்கான வியாக்கியான நூல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாக வாசிக்க, இவர் கேட்டுக்கொண்டே குறிப்பு எழுதுவார். அதுதான் புகழ்பெற்ற அரைத் தாள். ஞாயிறு மாலைப் பிரசங்கத்துக்கு ஞாயிறு மத்தியானம் இதே வேலை.

கல்யாணமான புதிதில் ஒரு சனிக்கிழமை, வசனம் கிடைத்துவிட்டது, ஆனால் பொருள் திறக்கவில்லை. எத்தனை நூலைப் பார்த்தும் நடக்கவில்லை. போய்த் தூங்குங்கள், விடியற்காலம் எழுப்புகிறேன் என்று சூசன்னா அவரை அனுப்பினார். நடு ராத்திரியில் ஸ்பர்ஜன் தூக்கத்தில் பேச ஆரம்பித்தார். அதே வசனத்துக்கு, கோர்வையாக விளக்கம்! எழுதுவதற்குக் கையில் ஒன்றும் இல்லாததால் சூசன்னா அதை மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே விழித்திருந்து, கடைசியில் அவரும் தூங்கிப்போனார். காலையில் நேரமாகிவிட்டது என்று பதறி எழுந்த கணவருக்கு அவர் வாய்மொழியையே திருப்பிச் சொன்னார். அன்று அதையே பிரசங்கித்தார்.

இதை அற்புதம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். எனக்கு இதில் சைட் வேலைதான் ஞாபகம் வருகிறது. ஸ்லாப் போடுவது ஒரு நாள் வேலை. ரோட்டில் போகிறவன் காலையில் பார்த்தால் வெறும் பலகை, சாயங்காலம் பார்த்தால் மாடி. சென்ட்ரிங் அடித்ததும் கம்பி கட்டினதும் அவன் கண்ணில் படாது. ஸ்பர்ஜன் வாரத்துக்கு ஆறு கனமான புத்தகம் வாசிப்பார் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அவர் வீட்டில் சேர்ந்த நூல்கள் சுமார் 12,000. சங்கீதங்களுக்கு மட்டும் ஏழு பாகத்தில் உரை எழுதி 1885-ல் முடித்தார். தூங்கும்போதுகூட உள்ளே ஓடிக்கொண்டிருந்தது இதெல்லாம்தான்.

இன்னொன்று. பிரசங்கத்துக்கு முன்னால் அவர் ஒரு அதிகாரத்தை வாசிப்பார், சும்மா வாசிக்கமாட்டார். வசனத்துக்கு வசனம் நிறுத்தி இரண்டொரு வார்த்தை விளக்கம் சொல்லிக்கொண்டே போவார். பிரசங்கத்தைவிட இந்த வாசிப்புக்குத்தான் அதிகம் படிக்கணும் என்று மாணவர்களுக்கும் சொல்வார். பிரசங்கத்தில் தெரியாத இடத்தைத் தாண்டிப் போகலாம். வரிசையாக வாசிக்கும்போது தாண்ட முடியாது. லூக்கா 15-ல் நான் தாண்டிப் போன இடங்களை இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

எல்லாம் ஏறுமுகம் என்று நினைக்க வேண்டாம். 1856 அக்டோபர் 19. சர்ரே கார்டன்ஸ் இசை அரங்கில் ஆராதனை, ஆயிரக்கணக்கில் கூட்டம். யாரோ தீ என்று பொய்யாகக் கத்தினார்கள். நெரிசலில் 7 பேர் செத்துப்போனார்கள், பலருக்குக் காயம். ஸ்பர்ஜனுக்கு 22 வயது. இரட்டைக் குழந்தைகள் பிறந்து ஒரு மாதம்தான். அவரைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. நாள் கணக்கில் அழுகை. வேதாகமத்தைப் பார்த்தாலே கண்ணீர். இனி மேடை ஏறுவாரா என்றே சந்தேகம். ஒரு நண்பர் வீட்டுத் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தபோது பிலிப்பியர் நிருபத்தில் கிறிஸ்து உயர்த்தப்பட்டதைச் சொல்லும் பகுதி திடீரென்று மனசில் வந்து நின்றது. பாரம் இறங்கியது. இரண்டு வாரத்தில் திரும்பி வந்து அந்தப் பகுதியையே பிரசங்கித்தார். ஆனாலும் மனச்சோர்வு அவரை விட்டு முழுவதும் போகவே இல்லை. அதை ஒளிக்காமல் மாணவர்களுக்கென்று தனிச் சொற்பொழிவாகவே பேசினார். அந்தக் காலத்தில் எந்தப் பெரிய மனிதர் அப்படிப் பேசினார்?

அடுத்த வருஷம், 1857 அக்டோபர் 7. நம்ம நாட்டில் நடந்த சிப்பாய்க் கலகத்தை முன்னிட்டு பிரிட்டனில் தேசிய உபவாச நாள். கிறிஸ்டல் பேலஸ் என்ற இரும்பும் கண்ணாடியுமான பிரமாண்டக் கட்டடத்தில் ஸ்பர்ஜன் பேச ஏற்பாடு. எண்ணிக்கை 23,654 பேர். மைக் கிடையாது! முன்னதாக ஒரு நாள் குரல் எப்படிக் கேட்கிறது என்று சோதிக்கப் போய், யோவான் சுவிசேஷத்திலிருந்து தேவ ஆட்டுக்குட்டியைப் பற்றிய வசனத்தைக் கூவினார். மேலே எங்கோ வேலை செய்துகொண்டிருந்த ஒரு தொழிலாளி அதைக் கேட்டு மனம் மாறினார் என்பது பல வருஷம் கழித்துத் தெரிய வந்தது. நாமெல்லாம் மைக்டெஸ்ட் என்றால் ஒன்று, இரண்டு, மூன்று சொல்கிறோம். கூட்டம் புதன்கிழமை. அன்று ராத்திரி படுத்தவர் வெள்ளிக்கிழமை காலையில்தான் எழுந்தார். அப்படி ஒரு களைப்பு.

1861-ல் மெட்ரோபாலிட்டன் டேபர்னக்கிள் கடனில்லாமல் திறக்கப்பட்டது. கூட்டம் ஐயாயிரத்துக்கு மேல் கொள்ளும். 1898-ல் தீயிலும் 1941-ல் குண்டுவீச்சிலும் அடிபட்டும் முகப்புத் தூண்கள் தப்பித்து இன்றும் நிற்கின்றன. அடிமைமுறையை எதிர்த்துப் பேசியதற்காக 1860-ல் அமெரிக்கத் தென் மாநிலங்களில் அவர் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். விற்பனை விழுந்தது, அவர் பேச்சை மாற்றவில்லை. 1867-ல் அனாதை இல்லம் தொடங்கினார்.

கல்லூரி கிடைக்காத மனிதர் கல்லூரி ஒன்றையும் தொடங்கினார். 1856-ல் ஒரே ஒரு மாணவரோடு ஆரம்பம். பணமில்லாதவர்களுக்கும் படிப்பில்லாதவர்களுக்கும் கதவு திறந்திருந்தது. அவர் காலத்திலேயே சுமார் 900 பேர் படித்து வெளியேறினார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம், வார அலுப்பில் இருக்கும் மாணவர்களுக்குச் சிரிக்கச் சிரிக்கப் பாடம் எடுப்பார். வசனத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றி, வலிந்து பொருள் சொல்லக்கூடாது என்பது பற்றி, குரல் பற்றி. திடீரென்று ஒரு பெயரைச் சொல்லி உடனே எழுந்து பேசச் சொல்வதும் உண்டு. ஒரு குள்ளமான மாணவருக்குச் சகேயு என்று கொடுத்தாராம். சகேயு குள்ளன், நானும் குள்ளன். சகேயு மரத்தில் மாட்டிக்கொண்டிருந்தான், நானும் மாட்டிக்கொண்டிருக்கிறேன். சகேயு இறங்கினான், நானும் இறங்குகிறேன் என்று அவர் உட்கார்ந்துவிட்டாராம். கைதட்டல்! ஆனால் முன்தயாரிப்பில்லாத பேச்சு நிறையப் படித்தவனுக்கு மட்டுமே கைவரும் என்று அதே மாணவர்களிடம் கண்டிப்பாகவும் சொல்லியிருக்கிறார். பின்னாளில் ஸ்பர்ஜன் பெயரையே பெற்ற அந்தக் கல்லூரி, பண நெருக்கடியால் 2025-ல் மூடப்பட்டது. செய்தியைப் படித்தபோது நம்ம கல்லூரி நினைப்புத்தான் வந்தது. அங்கேயும் இப்படி மலர் போட்டிருப்பார்கள் அல்லவா?

சூசன்னா அம்மையாரைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1860-களின் கடைசியிலிருந்து பெரும்பாலும் வீட்டோடு கிடந்த நோயாளி. 1875-ல் கணவரின் மாணவர் சொற்பொழிவு நூல் வந்தபோது, இது எல்லாப் போதகர்களுக்கும் கிடைத்தால் எப்படியிருக்கும் என்று ஆசைப்பட்டார். நீ என்ன கொடுப்பாய் என்று கணவர் கேட்க, சேர்த்து வைத்திருந்த வெள்ளிக் காசுகளை எண்ணிப் பார்த்தார். சரியாக நூறு பிரதிக்கு இருந்தது. அதிலிருந்து புத்தக நிதி ஒன்று வளர்ந்து, 1903-ல் அவர் இறப்பதற்குள் ஏறத்தாழ இரண்டு லட்சம் புத்தகங்கள் ஏழைப் போதகர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. சனிக்கிழமை ராத்திரி அலமாரி காலியாக இருந்தால் என்ன ஆகும் என்பது அந்த அம்மையாருக்குத் தெரியும். வாசித்துக் காட்டினவர் அவர்தானே.

கடைசிக் காலம் சுகமாக இல்லை. கீல்வாதமும் சிறுநீரக நோயும் வாட்டின. குளிர்காலத்தில் தென் பிரான்சில் மென்டோன் போய் இருப்பார். 1887-ல் உபதேச விஷயமான சர்ச்சையில் பாப்டிஸ்ட் யூனியனை விட்டு வெளியேறினார். சொந்த மாணவர்கள் சிலரே எதிர்ப்பக்கம் நின்றார்கள். அதில் யார் பக்கம் நியாயம் என்று இன்றும் வாதாடுகிறார்கள்; எனக்கு அதில் போக விருப்பமில்லை. 1891 ஜூன் 7 டேபர்னக்கிளில் கடைசிப் பிரசங்கம். 1892 ஜனவரி 31 மென்டோனில் மறைந்தார். வயது 57 தான்.

மனிதர் போன பிறகும் வாரப் பிரசங்கம் நிற்கவில்லை. அச்சாகாத கையிருப்பு அவ்வளவு இருந்தது. முதல் உலகப் போரில் காகிதத் தட்டுப்பாடு வந்து 1917-ல்தான் நின்றது. மொத்தம் 63 தொகுதிகள். அவர் நூலகத்தின் ஒரு பெரும்பகுதி அமெரிக்காவுக்கு விலைபோய், 2006-லிருந்து கான்சாஸ் சிட்டியில் ஒரு இறையியல் கல்லூரியில் இருக்கிறது.

இப்போது எங்கள் ஊர்ச் சபையில் மாதம் ஒரு ஞாயிறு நானும் பேசுகிறேன். ஐயர் கிளைச்சபைகளுக்குப் போய்விடுவார், ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு வாய்ப்பு. பாடங்களைத் திங்கட்கிழமையே பார்த்துவிடுவேன். சைட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது ஒரு தடவை, சாப்பாட்டு வேளையில் ஒரு தடவை வாசிப்பு. சனிக்கிழமை சாயங்காலம் உட்காரும்போது கையில் ஏதோ கொஞ்சம் இருக்கிறது. சில வாரம் அதுவும் இருப்பதில்லை. அப்போது கோல்செஸ்டர் மனிதரை நினைத்துக்கொண்டு ஒரே வசனத்தைப் பிடித்துக்கொள்கிறேன். போன மாதம் வந்த பாடம் லூக்கா 15. பன்னிரண்டு வருஷம் கழித்து அதே அதிகாரம்! கதையின் கடைசியில் மூத்த மகன் வீட்டுக்குள் போனானா இல்லையா என்று எழுதவே இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். இருபது நிமிஷம் அந்த வாசற்படியிலேயே நின்று பேசினேன்.

அந்தக் கோல்செஸ்டர் கோயிலுக்கு ஸ்பர்ஜன் 1864-ல் திரும்பப் போனார். அன்றைக்குப் பேச அவர் எடுத்தது அதே ஏசாயா 45:22. தான் உட்கார்ந்திருந்த இடத்தை, மாடத்துக்குக் கீழே, கையால் சுட்டிக் காட்டினார். பனி நாளில் பேசியவர் நான்தான் என்று பிற்பாடு ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் வந்து சொன்னார்கள். யாரைப் பார்த்தும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.